தேய்ந்த ஊசி

யுத்த காலத்தில் நான் செய்த ஒரு சின்னக் கஞ்சத்தனத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கோட்டைக்குள் எங்கள் தெருவில் கிராமபோன் வைத்திருந்த நாங்கள் இசைத்தட்டுகளை வீட்டுக்கு வீடு மாற்றிக் கேட்போம். எதிர்வீட்டு மாமியிடம் கிராமபோன் கிடையாது. ஒரே ஒரு தட்டு மட்டும் இருந்தது. பிரசவத்தில் இறந்துபோன அவர் மகள், கல்யாணத்துக்கு முன் பாடிப் பதிவான தட்டு.

"உங்காத்துல போடுங்கோ. நான் என் ஜன்னல்லேர்ந்து கேட்டுக்கறேன்" என்று கொடுத்தார்.

தினமும் சாயங்காலம் போட்டேன். ஒரு பக்கம் பாடி முடிந்ததும் ஊசியை மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது தட்டைச் சுரண்டிவிடும். அப்போது சாலைக் கடைத்தெருவில் எங்கும் ஊசியே கிடைக்கவில்லை. கையிலிருந்த புது ஊசிகளை என் தட்டுகளுக்கு ஒதுக்கிக்கொண்டு, மாமியின் தட்டுக்குத் தேய்ந்த ஊசியையே திரும்பத் திரும்பப் போட்டேன்.

இரண்டு மாதத்தில் குரல் கரகரத்தது. பிறகு இரைச்சலுக்குள் எங்கோ தூரத்தில் கேட்டது. பயந்துபோய்ப் புது ஊசி மாட்டினேன். இரைச்சல் குறையவில்லை.

மாமி ஜன்னலுக்கு வந்தார். "கொழந்தைக்குத் தொண்டை கட்டிண்டிருக்கோ?"

உண்மை வாய்வரை வந்தது. "ஆமாம் மாமி" என்றேன்.

"அப்ப ரெண்டு நாள் அவளைப் பாட விடாதீங்கோ. பாவம்."

அதற்குப் பிறகு அந்தத் தட்டை நான் போடவே இல்லை. மாமி மட்டும் தினமும் சாயங்காலம் எதிர் ஜன்னலிலிருந்து கேட்பார்: "இப்ப சுகமாச்சோ?"

"இன்னும் இல்லை மாமி" என்பேன்.

மாமியும் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் சொன்ன அந்த 'இன்னும்' மட்டும் சாயங்காலமானால் என்னைத் தேடி வருகிறது.