வீட்டு ஆட்களைக் கழித்தால்

"வீட்டு ஆளுங்களைக் கழிச்சுட்டுச் சொல்லுங்க" என்று, வந்தவர் நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் சொல்லிவிடுகிறார், ஊராருக்குத் தளம் அமைத்துக்கொடுக்கும் வலைத்தளக்காரர். ஒரு நாளைக்கு எத்தனை பேர் தளத்தைப் பார்க்கிறார்கள் என்பது கேள்வி. தளம் தொடங்கி ஆறு மாதம்கூட ஆகாதவர்கள், தங்களுக்கே தங்களுக்கென்று ஒரு டெடிகேட்டட் சர்வர் வேண்டும் என்று வருவார்கள். தளத்தைத் தாங்கும் முழுக் கணினியும் அவர்களுக்கே. வேறு தளம் எதுவும் அதில் கால் வைக்கக்கூடாது. மனைவி, மச்சான், மச்சானின் நண்பர்கள் எல்லாரையும் கழித்தால் பதினோரு பேர் தேறுவார்கள்.

"பதினோரு பேர் போறதுக்கு ரயிலையே வாடகைக்கு எடுப்பாங்களா? ஷேர்ட் ஹோஸ்டிங்லயே இருங்க. நூறு தளத்தோட சேர்ந்து ஒரே சர்வர்ல இருந்தா ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்டீங்க."

தேடி வந்த வியாபாரத்தை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவருகிற மனிதர் இவர் ஒருவர்தான்.

காதில் எப்போதும் ஒரு பென்சில். மேசையில் பேருக்கு ஒரு காகிதம் கிடையாது. கைபேசியை மட்டும் நிமிஷத்துக்கு ஒருதரம் எடுத்து, எதையோ பார்த்து, திருப்தியாகக் கவிழ்த்துவைப்பார். பல் தேய்க்கும்போதும் இதே வேலைதான். பஸ்ஸில் நின்றுகொண்டும் இதே வேலைதான்.

அவர் மனைவி தையல்காரர். ஜிப் மாற்றுவது, இடுப்பைத் தளர்த்துவது என்று படத்தோடு பாடம் எழுதி ஒரு தளம் நடத்துகிறார். அதுவும் ஷேர்ட் ஹோஸ்டிங்தான். போன மாதம் அதன் வருகைக் கணக்கைப் பார்த்த வலைத்தளக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு நாளைக்கு நானூறு வருகை! ஊராருக்கு அளந்து அளந்து சொல்லும் வாய், வீட்டில் அவிழ்ந்துகொண்டது. இனிமேல் உனக்குத் தனி சர்வர்தான் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். மனைவி தன் அக்காவிடமும், துணி கொடுக்க வந்தவர்களிடமும் சொல்லிச் சொல்லிப் பூரித்தார்.

சர்வருக்கு எழுதிக்கொடுப்பதற்கு முந்தின நாள்தான் தொழில் புத்தி விழித்தது. வீட்டு ஆட்களைக் கழித்துப் பார்த்தார். முந்நூற்றுப் பத்து வருகை ஒரே கைபேசியிலிருந்து. அவருடைய கைபேசி. தளம் திறக்கிறதா என்று அவர் எட்டிப்பார்த்த ஒவ்வொரு தடவையும் ஒரு வருகையாக ஏறியிருக்கிறது. ஊருக்குத்தான் உபதேசம்.

சொல்லாமல் விட்டால் மனைவியின் முகம் மலர்ந்தபடியே இருக்கும். சொன்னால் நானூறு தொண்ணூறாகிவிடும். பாவம், பகல் முழுக்க மென்று விழுங்கிவிட்டு, தையல் அறை வாசலில் நின்று ஒருவழியாகச் சொல்லிவிட்டார்.

தையல் இயந்திரம் நின்றது.

"முந்நூத்திப் பத்தும் நீங்களா?"

"தளம் நடுவுல நின்னுட்டா நீ எழுதினது யாருக்கும் கிடைக்காதேன்னு ஒரு பயம்."

மனைவி விரல்விட்டுக் கழித்துப் பார்த்தார். பிறகு, மிச்சத் தொண்ணூறு பேர் யார் என்று கேட்டார்.

"யாருன்னே தெரியாது. நமக்குச் சொந்தமும் இல்ல, பழக்கமும் இல்ல."

"தினமுமா?"

"தினமும்."

முன்பின் தெரியாத தொண்ணூறு பேர். அந்த அம்மாவின் முகத்தில் நானூறுக்கு வராத வெளிச்சம் இப்போது வந்தது. அவ்வளவு பேருக்கு ஷேர்ட் ஹோஸ்டிங்கே தாராளம் என்று மனைவியே தீர்ப்பும் சொல்லிவிட்டார். பிறகு சட்டென்று நிமிர்ந்தார்.

"இத்தனை தடவை திறந்தீங்களே, ஒரு பாடத்தையாவது கடைசி வரைக்கும் படிச்சீங்களா?"

வலைத்தளக்காரர் காதிலிருந்த பென்சிலை எடுத்து, திரும்ப அதே காதில் செருகிக்கொண்டார்.

மனைவி முக்காலியின் மேலிருந்த துணிகளை வழித்துக் கீழே போட்டார். அவரைத் தோளைப் பிடித்து உட்காரவைத்து, அவருடைய கைபேசியிலேயே ஜிப் பாடத்தைத் திறந்து எதிரே நிறுத்திவிட்டு, ஜிப் போன பேன்ட் ஒன்றையும் நூல் கோத்த ஊசியையும் அவர் மடியில் வைத்தார்.