கையைக் கட்டிக்கொண்டு கூப்பிடு

“எங்க பாப்பாவுக்குக் காது கேக்கலன்னு சொல்ல நீ யாருக்கா? டாக்டரா?”

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து மகளைக் கூட்டிப்போக வந்த குமார், காப்பக வாசலில் நின்று இப்படிக் கத்தினான். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி அது. வேலை செய்பவர்களின் பிள்ளைகளை ஷிஃப்ட் முடியும்வரை பார்த்துக்கொள்ளும் காப்பகத்துக்கு நான்தான் இன்சார்ஜ். ரிட்டயர் ஆகும்வரை அதுதான் என் வேலை. மல்லிகாக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எனக்குப் பெயர் உண்டு. ஆனாலும் அன்று நான் பதிலுக்குக் கத்தவில்லை. அவன் பயந்துபோய்க் கத்துகிறான் என்று தெரிந்தது.

அவன் மகள் கனிஷ்காவுக்கு அப்போது ஒன்றரை வயது, படு சுட்டி. எதிரில் நின்று ‘வா’ என்றால் ஓடி வருவாள். பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். மதியத் தூக்கத்தில் யாராவது கதவை அறைந்தால் மற்றவர்கள் அலறி எழுவார்கள், இவள் அசையமாட்டாள். அவள் வயதுப் பிள்ளைகள் ‘தண்ணி’, ‘காக்கா’ என்று பேச ஆரம்பித்துவிட்டன. இவளிடம் ஒரு சொல்கூட இல்லை. நன்றாகக் கவனித்த பிறகுதான் நான் வாயைத் திறந்தேன்.

பெற்றவர்கள் கவனிக்காததற்குக் காரணம் இருந்தது. குமாருக்கும் அவன் மனைவி தேவிக்கும், இரும்புத் தகட்டை அடித்து வடிவமாக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை. காதைப் பிளக்கும் சத்தம். அங்கே எல்லார் காதிலும் இயர் பிளக், பேச்செல்லாம் கையால்தான். நிறுத்து, ஓட்டு, சாப்பிடப் போகலாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜாடை உண்டு. அந்தப் பழக்கம் வீட்டிலும் விடாது. வாய் பேசும்போதே கையும் பேசும், அது அவர்களுக்கே தெரியாது. பிள்ளை கையைப் பார்த்துச் செய்ததையெல்லாம் காதால் கேட்டுச் செய்ததாக நம்பிவிட்டார்கள்.

“நான் டாக்டர் இல்லப்பா. கையக் கட்டிக்கினு ஒரு தபா பாப்பாவக் கூப்புடு. திரும்புனா நான் உங்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன்,” என்றேன்.

கனிஷ்கா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பிளாஸ்டிக் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். குமார் கையைக் கட்டிக்கொண்டு, “கனிமா!” என்றான். அவள் திரும்பவில்லை. ரோஷத்தில் காலை ஓங்கி மிதித்தான். சட்டென்று திரும்பிச் சிரித்தாள்.

“பாத்தியாக்கா! கேக்குது!”

“பலகைத் தரைடா இது. நீ மிதிச்ச அதிர்வு அவளுக்குத் தெரிஞ்சுது. மிதிக்காம கூப்புடு.”

அவள் மறுபடி டம்ளர் பக்கம் திரும்பியதும், பிரஸ் ஷாப் குரலில் அடிவயிற்றிலிருந்து கத்தினான். மற்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் வீல் என்று அழுதான். கனிஷ்கா இன்னொரு டம்ளரை எடுத்து மேலே வைத்தாள்.

குமார் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். “இன்னாக்கா இது...” என்றான்.

பின்னாலேயே வந்திருந்த தேவிதான் பேசினாள். “என் மாமியாரு, இவரும் லேட்டாத்தான் பேசுனாருன்னு சொல்லிக்கினே இருந்தாங்க. நானும் நம்பிட்டேன். எங்க போணும், சொல்லுக்கா.”

“வருஷா வருஷம் கம்பெனில உங்க காத டெஸ்ட் பண்றாங்கல்ல? பாப்பாவுக்கும் பண்ணலாம், தூங்க வெச்சே பாப்பாங்க. சளி அடைப்பா, நரம்பு சமாச்சாரமான்னு அவங்கதான் சொல்லணும். நாளைக்கே கெளம்புங்க. தள்ளிப் போடப் போட பேச்சு வர்றது கஷ்டம்.”

மறுநாள் இருவரும் லீவு போட்டுவிட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டெஸ்ட் எல்லாம் முடிய நாளானது. இரண்டு காதிலும் குறை இருந்தது. காதுக்கு மெஷின் வந்தது, பேச்சுப் பயிற்சி தொடங்கியது. ஆரம்பத்தில் மெஷினைப் பிடுங்கித் தண்ணீர்க் குடத்தில் போடப் போனாள் அந்த வாலு. தேவி பாய்ந்து பிடித்தாள்.

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் குமார் வாசலில் வந்து நின்றான். கனிஷ்கா முதுகைக் காட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லாமலே கையைக் கட்டிக்கொண்டான். காலை அசைக்காமல், சாதாரணக் குரலில், “கனிமா,” என்றான்.

திரும்பினாள். “ப்பா!” என்றாள்.

அவன் அழுததை நான் பார்க்காத மாதிரி டம்ளர்களை அடுக்கினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பெருமை தாங்காது. காப்பக வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: பேரைச் சொன்னால் பிள்ளை திரும்புகிறது என்று யார் சொன்னாலும், கூப்பிடும்போது அவர்கள் கை என்ன செய்தது என்று கேளுங்கள்.