ஏழு பேர் பட்டியல்

அக்போபோமே பயந்தாங்கொள்ளி என்பது அந்த எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை முழுக்கத் தெரிந்த சங்கதி. பதினெட்டு வருஷமாக பாய்லர் பார்க்கிற ஆள், இன்றைக்கும் ஒரு வால்வைத் திறக்குமுன் மூன்று தடவை தொட்டுப் பார்ப்பார். "தடவிக் கொடுத்தாச்சா, தேகா அப்பா? இனி நாங்க திறக்கலாமா?" என்று மூத்த பிள்ளையின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கேலி பண்ணுவார்கள். பண்ணட்டுமே! அவர் பக்கத்தில் நின்ற ஒருத்தனுக்கும் இதுவரை கை வெந்ததில்லை.

சங்கத்தில் சேர்ந்ததும் பயத்தில்தான். நாடு முழுக்க இருந்த துண்டு துக்கடா சங்கங்களெல்லாம் சேர்ந்து ஒரே எண்ணெய்த் தொழிலாளர் சங்கமான புதிதில், நாலு பேர் சேர்ந்து நின்றால் அடி கொஞ்சம் குறைவாக விழும் என்று கணக்குப் போட்டார். பாவம், அடி குறையவில்லை. தொண்ணூற்று நாலில், தேர்தலில் ஜெயித்தவரை விடுதலை செய் என்று சங்கம் வேலைநிறுத்தம் செய்தபோது, பட்டாளத்து அரசாங்கம் தலைவர்களை அள்ளிக்கொண்டு போனது. கிளைச் செயலாளரையும் இன்னொருவரையும் போன வாரம் வண்டியில் ஏற்றினார்கள். இருக்கிறார்களா செத்தார்களா, யாருக்கும் தெரியாது.

பாய்லரை அப்படியே போட்டுவிட்டுப் போக முடியாது. சூடு ஆறும்வரை ஒரு ஆள் காவல் இருக்க வேண்டும் என்று சங்கம் முடிவு செய்தது. யாரை வைப்பது? பயந்தவனைத்தான். பாய்லரை அணைத்த மூன்றாம் நாள் காலையில் ராணுவம் உள்ளே வந்தது.

"பத்த வைடா," என்றான் கேப்டன். வடக்கத்திக்காரன், சின்ன வயசு.

"ஒத்த ஆளால முடியாதுங்கய்யா. ஏழு பேர் வேணும்."

"அப்ப ஏழு பேரோட பேரை எழுது. நீயே வந்து வீட்டையும் காட்டணும். காட்டலேன்னா உன் வீட்டுக்குப் போவோம்."

 பாய்லர் வேலை தெரிந்த ஏழு பேரும் இப்போது எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று அக்போபோமேவுக்குத் தெரியும். எழுதினால் அவர்கள் போனார்கள். எழுதாவிட்டால் மனைவியும் மூன்று பிள்ளைகளும். பேனா பிடித்த கை வெடவெடவென்று ஆடியது, கோழி கிளறினதுபோல எழுத்து. ஆனாலும் எழுதினார். முதல் ஆறும் ஆலையில் வெந்து செத்தவர்களின் பெயர்கள்.

எப்படி அந்தத் துணிச்சல் வந்ததோ! வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தான் செய்தது உறைத்தது.

முதல் வீட்டில் ஒமோநிகோவின் மனைவி மரவள்ளி சீவிக்கொண்டிருந்தாள்.

"ஒமோநிகோ எங்கே?" என்று அதட்டினான் கேப்டன்.

அவள் வண்டியில் இருந்த அக்போபோமேவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கத்தியை நீட்டி முற்றத்தைக் காட்டினாள். "எங்க போவாரு? பன்னெண்டு வருஷமா அங்கதான் படுத்திருக்காரு." ஓடு பதித்த சமாதி மேல் பிள்ளைகளின் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. எங்கள் பக்கத்தில் செத்தவரை வீட்டோடுதான் வைத்துக்கொள்வோம். வடக்கத்திக்காரனுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

ஒரு சிப்பாய் களுக்கென்று சிரித்துவிட்டு, கேப்டன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். இரண்டாம் வீட்டிலும் சமாதி. அங்கே இருந்த கிழவி, "வாங்க, வாங்க, மகனைப் பார்க்கவா?" என்று கேட்டாள். மூன்றாம் வீட்டுச் சமாதியில் சிமெண்ட்கூட இல்லை, வெறும் மண்மேடு. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

கேப்டன் அக்போபோமேவை வண்டியிலிருந்து இழுத்து இறக்கி, பட்டியலை அவர் முகத்துக்கு நேரே பிடித்தான். துப்பாக்கியும் கூடவே வந்தது.

"ஆறும் பொணமாடா?"

"ஆமாங்கய்யா."  

"ஏழாவது பேரு யாரு? எழுத்தே புரியல."

"அது நான்தாங்கய்யா."