டெல்பர்ட் கொடுத்த வாக்கு

என் வீட்டுக்காரர் டெல்பர்ட் வைகல் நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்தது கோதுமை அறுக்கும் இயந்திரத்தில் மட்டும்தான். அதுவும் அது நகர்ந்துகொண்டே இருப்பதால். அந்த ஜூன் மாதம் அதிலும் உட்காரவில்லை. பாதி வயலில் நிறுத்திவிட்டு இறங்கி நடந்தார்.

காரணம் எங்கள் மாவட்ட மருத்துவமனை. அதைக் கட்ட மாவட்டம் கடன்பத்திரம் விற்றிருந்தது. கடனை அடைக்க, கடையில் வாங்கும் ஒவ்வொரு சாமானுக்கும் அரை சதவீத வரி. “2031-ல கடன் முடியும், வரியும் போயிடும். அதுக்கு மேல ஒரு வருஷம்கூட நீட்ட விடமாட்டேன்” என்று கான்சாஸ் வெயிலில் வீடு வீடாகச் சொல்லித்தான் இவர் மருத்துவமனைக் குழுவுக்கு ஜெயித்தார். யார் சொல்லச் சொன்னார்கள்?

மருத்துவமனையின் பிரசவ வார்டு நஷ்டத்தில் ஓடியது. அதற்கு வழி சொல்ல விச்சிட்டா நகரத்திலிருந்து நிதி ஆலோசகர் ஒரு பெண் வந்தாள். வட்டி இறங்கியிருக்கிறதாம். புதுப் பத்திரம் விற்று, அந்தப் பணத்தில் பழைய பத்திரக்காரர்களுக்குக் கொடுத்து முடிக்கலாமாம்.

“அதுல மிச்சமாகுறத வச்சு பிரசவ வார்ட நடத்த முடியுமாம்மா?” என்று இவர் கேட்டார்.

“வட்டி குறையுறது மட்டும் பத்தாது சார். தவணையப் பத்து வருஷம் நீட்டினா முடியும். இல்லேன்னா வார்ட மூட வேண்டியதுதான்.”

நீட்டினால் வரியும் நீளும். ஐந்து பேர் குழுவில் இரண்டு பேர் சரி என்றார்கள், இரண்டு பேர் கூடாது என்றார்கள். மிச்சம் இவர்.

கூட்டுறவுத் தானியக் கிடங்கில் தினமும் காலையில் விவசாயிகள் காபி குடிப்பார்கள். இவருடைய நாற்பது வருடக் கூட்டாளி யூஜீன் அங்கே எல்லார் முன்னாலும் கேட்டானாம்: “ஏம்ப்பா டெல்பர்ட், உன் வாக்கு என்ன விலைக்குப் போகுது? கோதுமைய விடக் கம்மியா?”

வீட்டுக்கு வந்து சமையலறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

“ஒண்ணு உட்காருங்க, இல்ல வெளிய போங்க. வார்டு போனா பிள்ளத்தாச்சிப் பொண்ணுங்க பனியில எண்பது மைல் போகணும். யூஜீனா கூட்டிட்டுப் போவான்?”

“வாக்குக் குடுத்தது நான், ரோசாலி. நீ இல்ல.”

நான் பாத்திரம் கழுவத் திரும்பினேன்.

கூட்டத்தன்று நான் பின்வரிசையில் இருந்தேன். இவர் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தார்.

“டெல்பர்ட் வைகல் சொன்ன சொல்லைக் காப்பாத்தலன்னு எழுதிக்கோங்க.”

“அதெல்லாம் எழுத முடியாது, டெல்பர்ட். சரியா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க” என்றாள் செயலாளர்.

தொப்பியைக் கையில் திருகினார். “சரின்னு போட்டுக்கோ.”

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்த வேளையில் அவர் முகத்தைப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலையில் வழக்கம்போல் கிடங்குக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். கையில் அவருடைய பீங்கான் கோப்பை. அங்கே சுவரில் ஆளுக்கொரு ஆணி உண்டு, அவரவர் கோப்பை அதில் தொங்கும்; யாரும் வீட்டுக்கு எடுத்து வருவதில்லை.

“யார் எடுத்துக் குடுத்தது?”

“யூஜீன்தான். கழுவித் தொடச்சுக் குடுத்தான்.”

வாங்கி அதிலேயே காபி ஊற்றினேன். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மத்தியானம் வரை எழுந்திருக்கவே இல்லை.