ஏணிக்குக் கீழே ஓர் உறுப்பினர்

வெர்னா உன்ரூ வானியல் கழகத்தில் சேர்ந்தது வெள்ளிக் கிரகத்தைப் பார்ப்பதற்காக. கான்சஸின் கோதுமை வயல்களுக்கு நடுவே அவள் பள்ளிப் பேருந்து ஓட்டிய காலமெல்லாம், விடியும் முன்னே தானியக் கிடங்குக்கு மேல் சில மாதங்கள் அது நிற்கும். பிறகு காணாமல் போகும். பின்னிருக்கைப் பிள்ளைகளின் சண்டையை அதட்டிக்கொண்டே அதை ஓரக்கண்ணால் பார்த்துப் பழகியவள். கிளட்ச் மிதித்து மிதித்து முழங்கால் போனது. வேலையை விட்டதும் முதல் காரியமாகக் கழகத்துக்குச் சந்தா கட்டினாள்.

கழகத்தின் பெருமை, உறுப்பினர் கெய்லார்ட் பாங்க்ராட்ஸ் தன் கையாலேயே செய்த தொலைநோக்கி. பீரங்கி மாதிரி இருக்கும். உச்சி வானத்தில்தான் காட்சி சுத்தமாகத் தெரியும் என்பதால் அதை எப்போதும் நிமிர்த்தியே வைப்பார்கள். கண் வைத்துப் பார்க்கும் துளையோ குழாயின் மேல் முனையில் இருந்தது. ஆகவே ஏணி.

வெர்னா எல்லா விதிகளுக்கும் கட்டுப்பட்டாள். இருட்டுக்குப் பழகிய கண்கள் கூசாமலிருக்க டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் சுற்றினாள். முகப்பு விளக்கு யார் கண்ணிலும் அடிக்காதபடி காரைத் திருப்பி நிறுத்தினாள். ஏணியில் மட்டும் ஏற முடியவில்லை. மெல்ல மெல்லக் காபி மேஜை அவளுடையதாகிவிட்டது. மேலே ஏறிப் பார்த்தவர்கள் இறங்கி வந்து, அவள் சுட்ட லவங்கப்பட்டை ரோலைத் தின்றுகொண்டே பார்த்ததை அவளுக்கு விவரித்தார்கள்.

யாரும் அவளை விலக்கவில்லை. விலக்கியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். யாருமே போடாத விதியை யாரிடம் போய் எதிர்ப்பது என்று தெரியாமலே குளிர்காலம் முழுவதும் காபி ஊற்றினாள்.

ஏப்ரலில் ஒரு கூட்டத்துக்கு வெறுங்கையோடு வந்தாள். சூரியன் அப்போதுதான் விழுந்திருந்தது. மேற்கே, வயலுக்குச் சற்று மேலே, இப்போது மாலை நட்சத்திரமாக, வெள்ளி.

"ரோல் எங்கே வெர்னா? உடம்பு சரியில்லையா?" என்றாள் காரியதரிசி லோயிஸ்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. நீங்க எல்லாரும் எதைக் கொண்டு வந்தீங்களோ, அதைத்தான் நானும் கொண்டு வந்திருக்கேன். ரெண்டு கண்ணு."

கெய்லார்ட் ஏணியைத் தட்டினான். "அதுக்கென்ன, வாங்க. ரெண்டு பேர் தாங்கிப் பிடிச்சா ஏத்திடலாம்."

"நான் என்ன பியானோவா? ஏத்த வேணாம். அதோ, அதைக் காட்டுங்க."

"வெள்ளியா? அதுல என்ன இருக்கு, வெறும் மேகம். அடிவானத்துல காத்து கஞ்சி மாதிரி கொதிக்கும். இவ்ளோ பெரிய கண்ணாடிய அதுக்குப் போய்..."

"சொல்லி முடிங்க. வீண்னு."

"நான் அப்படிச் சொல்லல."

"என் சந்தா மட்டும் கொதிக்கலயே. வாங்கிப் போட்டுக்கிட்டீங்க."

லோயிஸ் எதையோ தேடுவதுபோல் காருக்குப் போனாள். கெய்லார்ட் பெருமூச்சு விட்டு, குழாயின் மேல் ஒரு கையை வைத்துச் சாய்த்தான். மேலே இருந்த துளை இறங்கியது, இன்னும் இறங்கியது, வெர்னாவின் மூக்குக்கு நேரே வந்து நின்றது. பக்கத்தில் ஏணி சும்மா நின்றது.

அவள் கண்ணை வைத்தாள். வெள்ளி வட்டமாக இல்லை. மெலிந்த பிறை. ஓரங்கள் நடுங்கின, சிவப்பும் பச்சையுமாகக் கரைந்தன. காட்சி மோசம்தான், கெய்லார்ட் சொன்னது பொய்யில்லை. இத்தனை வருஷம் பேருந்துக்கு முன்னால் ஓடியது இதுதான் என்பதும் பொய்யில்லை.

"பாத்தாச்சுல்ல? இதுக்குப் போயா இவ்ளோ கோபம்?" என்று கெய்லார்ட் சிரித்தான்.

"இதுவரைக்கும் கோபம் இல்ல, கெய்லார்ட். வருத்தம்தான். இந்தக் குழாயை இறக்கறது பெரிய வேலை போலிருக்கு, எனக்காக எதுக்குன்னு நினைச்சிருந்தேன். ஒரு கையால சாய்ச்சீங்க. இப்பத்தான் கோபம் வருது."

அவன் சிரிப்பு நின்றது. குழாயை நிமிர்த்தக் கை நீட்டியவன் அவள் தோளைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டான். அவள் நகரவில்லை. பிறை நழுவும்போதெல்லாம் குழாயைத் தானே தள்ளிப் பிடித்தாள். ஏணிக்காக வந்தவர்கள் அவளுக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். வெள்ளி கோதுமைக்குள் இறங்கும்வரை நின்றார்கள்.