மறியலில் உட்கார்ந்தவள்

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் வாய்விட்டுச் சிரிக்கிற ஆள் நான். 2005 டிசம்பருக்குப் பிறகு சிரிப்பதில்லை.

அன்று காலை முடிச்சூர் பக்கம் ஏரி உடைந்து எங்கள் தெருவுக்குள் தண்ணீர் புகுந்தது. என் மனைவி எப்சி எட்டு மாதக் கர்ப்பிணி. அவளை மாடி அறையில் விட்டுவிட்டு, படகு கேட்க ஊராட்சி அலுவலகத்துக்கு ஓடினேன். அதற்குள் தெருவில் கழுத்தளவு தண்ணீர். திரும்பிப் போக வழியில்லை.

"படகு கெளம்பிடுச்சு சார். வந்துகினே கீது" என்றார் அங்கிருந்த காவலாளி. மதியம் கேட்டாலும் அதே பாட்டு, நாலு மணிக்குக் கேட்டாலும் அதே பாட்டு. எங்களுக்குப் பொறுக்கவில்லை. குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் மறியல், வீட்டுக்குள் வந்தாலும் மறியல், அதுதானே நம் வழக்கம்! தெருக்காரர்கள் எல்லோரும் தாம்பரம் சாலையில் உட்கார்ந்துவிட்டோம். பஸ்ஸும் லாரியும் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன.

மாலை 5.40. மழை விட்டு வெகு நேரமாகியிருந்தது. கரண்ட் இல்லை. இருட்டிக்கொண்டு வந்தது. எப்சி மாடியில் தனியாக இருந்தாள்.

என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நைட்டி, தோளில் துண்டு. நான் பார்த்தறியாத முகம்.

எங்கள் துணியெல்லாம் காய்ந்துவிட்டது. அவளுடையது மட்டும்... சொட்... சொட்... நிற்கவே இல்லை.

"எந்திரிங்கண்ணா. படகு லாரி பின்னால நிக்குது. நீங்க வழிய வுட்டாத்தான் வரும்."

ஓடிப்போய்ப் பார்த்தேன். பஸ்களுக்குப் பின்னால், படகோடு ஒரு லாரி. மேலே கோவளத்து மீனவர் கோதண்டம். ஒரு மணி நேரமாக அங்கேயே நிற்கிறாராம். எங்களால்தான்.

எல்லோரையும் எழுப்பினேன். லாரி வந்தது. தண்ணீர் ஓரத்தில் படகை இறக்கினார்கள். நான் ஏறினேன். அவளும் ஏறினாள்.

கோதண்டம் அவளைப் பார்த்தார். பிறகு படகின் விளிம்பைப் பார்த்தார்.

"ஆளு ஏறினா படகு கொஞ்சமாச்சும் அசையணும் சார்..."

எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. சீக்கிரம் தள்ளச் சொன்னேன்.

மாடிப்படியில் எப்சி நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் மயங்கிச் சரிந்தாள். தாங்கிப் பிடித்துப் படகில் கிடத்தினோம். எனக்குப் போன உயிர் வந்தது.

அப்போது அந்தப் பெண் பக்கத்து ஓட்டு வீட்டைக் காட்டினாள்.

"என் புள்ள... பரண்ல..."

சன்னலுக்குள் டார்ச் அடித்தேன்.

பரண் விளிம்பில் ஒரு சின்னக் குழந்தை. கொட்டக் கொட்ட விழித்திருந்தது.

கோதண்டம் கூரையேறி, ஓட்டைப் பிரித்து, குழந்தையைத் தூக்கினார்.

வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

படகில் அவள் இல்லை.

தண்ணீரில் ஒரு சலசலப்புகூட இல்லை...

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. பரணுக்குக் கீழே அவள் கிடந்தாள். அதே நைட்டி. இரண்டு கைகளும் மேலே தூக்கியபடியே விறைத்திருந்தன. பெயர் சாமுண்டீஸ்வரி, அந்த மாதம்தான் வாடகைக்கு வந்தவள் என்றார்கள். ஏரி உடைந்த அன்று காலையிலேயே உயிர் போயிருக்கிறது என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியிலிருந்த எப்சியிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. அன்று சாயங்காலம் ஐந்தரை வரை, கீழே அந்த ஓட்டு வீட்டுச் சன்னலிலிருந்து சாமுண்டீஸ்வரி இவளோடு பேசிக்கொண்டே இருந்தாளாம். கடைசியாக இப்படிச் சொன்னாளாம்:

"அக்கா, நான் போயி உங்க வூட்டுக்காரர இட்டுகினு வரேன். அதுவரிக்கும் என் புள்ளையக் கூப்ட்டுகினே இருங்க. தூங்குனா உருண்டு வுழுந்துடும்."