மேட்டில் நின்ற ஆட்டோ

செஞ்சிக் கோட்டை மலையடிவாரத்தில் வீடு பார்க்கப் போன மூன்று முறையும் அதே ஆட்டோக்காரர்தான் வந்தார். ஒல்லியான மனிதர். காக்கிச் சட்டைக் காலருக்குள் எப்போதும் ஓர் ஈரக் கைக்குட்டை. ஒருமுறைகூட அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தவில்லை. தெருமுனை மேட்டிலேயே திருப்பி நிறுத்திவிட்டு என்னை நடக்கவிடுவார்.

எனக்கோ ஜன்னலில் மலை முழுசாகத் தெரிந்ததே போதுமாக இருந்தது. ஆடி பிறப்பதற்குள் பத்திரம் முடிக்க வேண்டும் என்ற அவசரம் வேறு.

"அவசரப்படாதீங்க சார். ஐப்பசி மழைல ஒரு தபா வந்து பாருங்க. பாறைல பேயற தண்ணி மொத்தமும் இப்டித்தான் எறங்குது" என்றார்.

"வேற வீடு ஏதாவது கையில வச்சிருக்கீங்களா? கமிஷன் வருமா?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "எனக்கு இன்னா சார்" என்று வண்டியைக் கிளப்பினார்.

ஆனியிலேயே பத்திரம் முடிந்தது. ஐப்பசியில் கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். அதன்பிறகு ஆட்டோ ஸ்டாண்டில் அவரைப் பலமுறை தேடினேன். பெயர்கூடக் கேட்டு வைக்காதவன் யாரென்று விசாரிப்பது?

இப்போதெல்லாம் வானம் இருட்டினால் என் ஸ்கூட்டரை அந்த மேட்டில்தான் கொண்டுபோய் நிறுத்துகிறேன். அவரைப் போலவே, திருப்பி.